போத்தலுக்குள் இருந்த ஈ

அதிகாரிகளில் எனக்கு இருந்த பயம், ஓர் ஈயின் முகத்தைக் கிட்டப் பார்த்த அன்றைக்குத்தான் போனது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மன்னாரில், பேசாலைக் கரையில் நான் கருவாடு போட்டுக்கொண்டிருந்தேன். ஆசுபத்திரியில் சின்னச் சின்ன ஈ பெருகிவிட்டதென்று சுகாதாரப் பரிசோதகர் வந்து நின்றார். "எல்லாம் உன்ர கருவாட்டால வந்த ஈ," என்று கத்தி, பாயில் காய்ந்த கட்டா மீன் முழுவதையும் என்னைக்கொண்டே குழி தோண்டிப் புதைப்பித்தார்.

கை மண்ணைக்கூடத் தட்டாமல் ஆசுபத்திரிக்குப் போனேன். "அந்த ஈயை எனக்குக் காட்டுங்கோ," என்று டொக்டரிடம் கேட்டேன். அவர் போத்தலில் பிடித்து வைத்திருந்த ஒன்றைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். உடம்பும் செட்டையும் ஒரே மயிர். செட்டைகள் கூரைபோலச் சரிந்து கிடந்தன. மீசை மணி கோத்த மாதிரி இருந்தது. கருவாட்டுக்கு வருகிற ஈயோ பளபளவென்று நீலமாயிருக்கும். அதன் செட்டையில் மயிரே தெரியாது.

"இது வேற குடும்பம். ஊத்தைத் தண்ணி ஓடுற கானுக்குள்ள பெருகிற ஈ," என்றார் டொக்டர்.

ஆசுபத்திரிக் கானைப் பார்ப்பது பரிசோதகரின் வேலை. அவரும் என் பின்னாலேயே வந்து அங்கே நின்றார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஈயெண்டா ஈதான்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப மீனெண்டாலும் மீன்தானே ஐயா? நாளைக்கு உங்கட குசினிக்குப் பேத்தை கொண்டுவாறன். கறி வைச்சுச் சாப்பிடுங்கோ!"

பேத்தை நஞ்சு மீனென்று மன்னாரில் தெரியாதவர் இல்லை.

கானைக் கழுவினார்கள், ஈ போனது. பரிசோதகர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் நானும் ஆறியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. நான் இன்னும் ஆறவில்லை.