கால்வாய் வெட்டிய பதினோரு பேர்

எங்கள் மர ஆலைக் குடியிருப்பு, கோத்தா திங்கி டவுனுக்குக் கீழே, ஆறும் கால்வாயும் சேரும் இடத்தில் இருக்கிறது. ஆற்றில் மிதந்து வந்த மரங்களைக் கால்வாய் வழியாகத்தான் ஆலைக்குள் இழுத்தார்கள். ஆலை மூடிப் பல வருடமாகிறது. பிள்ளைகள் சிங்கப்பூர் வேலைக்குப் போனார்கள், பெரியவர்களும் அவர்கள் பின்னால் போய்விட்டார்கள். வரிசை வீடுகளில் ஆள் இருப்பது என் வீட்டில் மட்டும். ஆறு ஏறும்போது கால்வாய் மதகை அடைப்பேன், வடிந்தால் திறப்பேன். அதுதான் என் வேலை. சில நாள் யாரிடமும் பேசாமலே பொழுது போய்விடும்.

போன மாதம் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நம் தமிழ்ப் பெண்தான். ஆற்றோரத்தில் ஒரு பலகையில் ஊர் வரலாற்றை எழுதி வைக்கப் போகிறார்களாம். சாலையோர டீக்கடைக்காரர் என்னைக் காட்டி, "இவருகிட்டயா கேக்குறீங்க? தலைய மட்டும் நல்லா ஆட்டுவாரு லா," என்றார்.

"கால்வாய மெஷின் வெச்சுத்தானே வெட்டுனாங்க, அங்கிள்?" என்று அவள் கேட்டாள்.

தலையை ஆட்டினேன்.

மெஷின் வந்த வேகத்திலேயே சேற்றில் புதைந்துவிட்டது. மீதியை மண்வெட்டியால் வெட்டியவர்கள் என் அப்பாவும் இன்னும் பத்துப் பேரும். அட்டை ஏறாமலிருக்கப் புகையிலைத் தண்ணீரைக் காலில் தடவிக்கொண்டு சேற்றில் இறங்குவார்கள். குளித்த பிறகும் அப்பாமேல் அந்த வாடை இருக்கும்.  அவள் மெஷின் வெட்டியது என்றே எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அது அப்படியே பலகையில் ஏறிவிட்டால், அந்தப் பதினோரு பேரும் இங்கே இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அவர்களில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. சொல்வதற்கு நான்தான் மிச்சம்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன். தாளைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான் எண்ணம். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"சாரி அங்கிள், நான் மலாய் ஸ்கூல். தமிழ் படிக்கத் தெரியாது. நீங்களே படிங்க, நான் டைப் பண்றேன்."

எனக்குப் பின்னால் பெஞ்சு நிறைய ஆட்கள். முதல் பெயர் எனக்கே கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமா, அங்கிள்."

ஒவ்வொன்றாகப் படித்தேன். அப்பா பெயர் வந்தபோது கத்திவிட்டேன் போலிருக்கிறது. பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கேட்டுருச்சு, அங்கிள்," என்றாள் அவள். "அடுத்தவரு யாரு?"