என் முதல் பாதியைத் தின்ற கல்லூரிகள்

சனிக்கிழமைகளில் மாமா, நாங்கள் புலம்பெயர்ந்து குடியிருந்த நார்த்மீட் வீட்டுக்கு வந்தால், காரை அப்பாவின் காருக்குப் பின்னால் ஒட்டி நிறுத்துவார். உடனே உதைபந்தாட்டம் தொடங்கிவிடும். பந்து இருக்காது, வாய் மட்டும்தான். அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் யாழ்ப்பாணத்தில் வேறு வேறு கல்லூரிகளில் படித்து, எதிரெதிராக விளையாடியவர்கள். ஊரில் பள்ளிக்கூடத்தைத்தான் கல்லூரி என்பார்கள் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. உலகம் கண்டதிலேயே தலைசிறந்த கல்லூரி அணி இந்த இரண்டில் எது என்பதுதான் வழக்கு. உலகத்தில் வேறு கல்லூரிகளும் உண்டு என்பது இருவருக்கும் நினைவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் சிறுமிகள் அணிக்கு நான்தான் கோல்கீப்பர். ஒரு சனிக்கிழமை என் முதல் மட்ச். கையுறைகளை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அப்பாவின் கார் வெளியே வர மாமா தன் காரை எடுக்க வேண்டும்.

"எங்கட டீம்தான் திறமெண்டு சொல்லுங்கோ அத்தான், இப்பவே எடுக்கிறன்."

"செத்தாலும் சொல்லன், மச்சான்."

இருவருமே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ரகம். மாமா ஒரு கதிரையைக் கோல் கம்பமாக வைத்து, நான் பிறப்பதற்கு முன் அடித்த கோலை மறுபடி அடித்துக் காட்டினார். அப்பா அதை ஓஃப்சைட் என்றார். நான் காருக்குள் ஏறி ஹோர்னை அடித்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்ததுதான் மிச்சம். எரிச்சலில் அழுகை வந்துவிட்டது.

கடைசியில் அம்மா சமையலை விட்டுக் குசினியிலிருந்து வந்து மாமாவின் சாவியைப் பறித்து, அவர் காரிலேயே எங்களை ஏற்றினார். கார் ஓட்டிய அம்மாவின் முகத்தைப் பார்த்து யாரும் முன் சீற்றில் உட்காரத் துணியவில்லை. பின்னால், எனக்கு இரு பக்கமும் இருந்து வழக்கைத் தொடர்ந்தார்கள். பொறுக்க முடியாமல், இரு கல்லூரிகளும் கடைசியாக மோதியதில் யார் வென்றது என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.



"அது பாதியோட நிண்டுட்டுது பிள்ளை," என்றார் மாமா. "சண்டைக் காலமெல்லோ, ஷெல்லடி தொடங்கிட்டுது. ஓடினது ஓடினதுதான்."

"ரெண்டாம் பாதி விளையாடவே இல்லை," என்றார் அப்பா.

முடிவே இல்லாத ஒரு மட்சுக்காகவா இத்தனை சனிக்கிழமைகள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் முதல் பாதி முடிந்திருந்தது.

"உங்களாலதான் என்ர முதல் பாதி போச்சு!"

இருவரையும் பார்த்துக் கத்திவிட்டு ஓடினேன்.

இரண்டாம் பாதியில் நான்கு கோல் வாங்கினேன். தோற்றோம். கடைசி விசில் ஊதியதும் மற்றப் பெற்றோர் கதிரைகளை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவும் மாமாவும் மட்டும் கோட்டுக்கு வெளியே தோளோடு தோள் நின்று, வெறும் மைதானத்தைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டே இருந்தார்கள். "கடைசி விசில் வரைக்கும் விளையாடிட்டாள், மச்சான்," என்றார் அப்பா. நான்கு கோல் விட்டவளுக்கு என்ன கைதட்டல்? நக்கல் அடிக்கிறார்கள் என்று நினைத்து, வீடு வரும்வரை இருவரோடும் நான் பேசவில்லை.