அமாவாசை கிளினிக்

1. ஈ ஓட்டிய செவ்வாய்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருக்களுக்கு நடுவே இருக்கும் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் நான் கடைசியாக ஸ்டாஃப் நர்ஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனேன். அங்கே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் சர்க்கரை கிளினிக் நடக்கும். ரத்தம் எடுப்போம், பிரஷர் பார்ப்போம், காலைப் பரிசோதிப்போம். எல்லாம் இலவசம். கூட்டம் மட்டும் வராது.

அப்படி ஒரு செவ்வாயன்று மேலதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்துவிட்டார். ஹாலில் இரண்டே பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் ஃபேன் காற்றுக்காக வந்தவர்.

"என்னம்மா, ஈ ஓட்டிக்கிட்டு இருக்கீங்க? ஜனங்களுக்கே அக்கறை இல்லன்னா நாம என்ன பண்றது? இப்படியே போனா இந்தக் கிளினிக்கை மூடிட்டு, லேப் ஆளை வேற சென்டருக்கு அனுப்பிடுவேன்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, வராத ஜனங்கள் மேல். எங்கள் டாக்டர் நிவேதா, "சிஸ்டர், நீங்களே போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றார். திட்டுவதற்கு என்னை இரண்டு தடவை அனுப்ப வேண்டியதில்லை. அன்று மதியமே கிளம்பிவிட்டேன்.

2. ஏகாம்பரத்தின் கால்

முதலில் போனது சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் நெசவாளி ஏகாம்பரம் வீட்டுக்கு. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஆள் உண்டு, வாங்கிக்கொள்வார். டெஸ்டுக்கு மட்டும் எட்டிப் பார்க்க மாட்டார். தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கஸ்தூரி.

குழியை எட்டிப் பார்த்ததும் திட்ட வந்ததே மறந்துபோயிற்று. மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருந்த வலது காலில், கட்டைவிரலுக்கு அடியில் சீழ் வைத்த புண்.

"ஏம்பா, வலிக்கலையா?"

"வலியே இல்லம்மா. அதான் ஒண்ணுமில்லன்னு வுட்டுட்டேன்."

சர்க்கரையில் கால் மரத்துப்போனால்தான் இப்படி வலி தெரியாமல் போகும். "நீயாவது அனுப்பி வெக்கக் கூடாதாம்மா?" என்று கஸ்தூரி மேல் பாய்ந்தேன்.

"எப்டி அனுப்பறது நர்ஸம்மா? கோர்வைச் சேலை ஓடிக்கினு இருக்குது. உடம்பு ஒரு கலரு, கரை வேற கலரு. இவரு உடம்புக்கு நூல் ஓட்டுற நாடாவைத் தள்ளுனா, கரைக்கு இந்தாண்டருந்து நான் தள்ளணும். இவரு எழுந்து போனா நானும் சும்மா குந்திக்கினு இருக்கணும். ஒருத்தருக்கு வைத்தியம்னா ரெண்டு பேரு வேலை போவுது."

"உங்களுக்கு லீவே கிடையாதா?"

"ஏன் இல்ல? அமாவாசைக்கு எந்த வூட்லயும் தறி ஓடாதே. அன்னிக்கு நீங்க கிளினிக் வெக்கலியே!"

பக்கத்து ஊரான தாமலிலிருந்து பஸ் பிடித்து எத்தனையோ வருஷமாக வந்து போகிறவள் நான். அமாவாசையன்று அந்தத் தெரு சத்தமில்லாமல் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கும் கிளினிக்குக்கும் முடிச்சுப் போட எனக்கும் தோன்றவில்லை, அரசாங்கத்துக்கும் தோன்றவில்லை.

ஏகாம்பரத்தைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். புண்ணைப் பார்த்த டாக்டர், "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரலையே எடுக்க வேண்டியிருக்கும். அதுக்கப்புறம் காலுக்கே ஆபத்து" என்றார். தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் நான் டிரெஸ்ஸிங் செய்வதாக முடிவாயிற்று. அடுத்த கிளினிக்கை அமாவாசைக்கு வைக்கலாம், மேலிடத்திலிருந்து கேள்வி வந்தால் தான் பார்த்துக்கொள்வதாக டாக்டர் சொன்னார்.

3. வடை, பாயசம்

அமாவாசையன்று ஹால் கொள்ளவில்லை. படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வைக்கும்வரை பல வீடுகளில் சாப்பிட மாட்டார்கள். அதனால் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. சாப்பிட்ட பிறகு எடுக்கும் ரத்தத்தில்தான் சிக்கல். எல்லோரும் வடை, பாயசத்தோடு ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து கையை நீட்டினார்கள். வந்த ரிசல்ட்டைப் பார்த்து, மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்த லேப் ஆள், தன் விரலையே குத்திச் சரிபார்த்துக்கொண்டார். டாக்டர் ஒவ்வொருவரிடமும், "பாயசம் எத்தனை டம்ளர்? உண்மையைச் சொல்லுங்க" என்று விசாரித்தபடி இருந்தார்.

ஏகாம்பரத்தின் புண் வற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் நின்றால்தான் முழுதாக ஆறும். அந்த நேரம் பார்த்து மேலிடத்து உத்தரவு வந்தது: அனுமதி இல்லாமல் நாளை மாற்றியது தவறு, இனி பழையபடி செவ்வாய்தான், அந்த அதிகாரியே நேரில் வந்து பார்ப்பார். டிரெஸ்ஸிங் செய்யும்போது கஸ்தூரியிடம் இதைச் சொன்னேன். "எந்தச் செவ்வா?" என்று மட்டும் கேட்டாள்.

4. தெருவே வந்தது

அந்தச் செவ்வாய் காலையில் தெருவே திரண்டு வந்துவிட்டது. நாற்காலி போதாமல் வாசல் வரை நின்றார்கள். அதிகாரிக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா டாக்டர்? செவ்வாய்க்கிழமையே வராங்களே!"

கஸ்தூரி முன்னால் வந்தாள். "சார், இன்னிக்கு எங்க தெருவுல ஒரு தறியும் ஓடல. ஒரு வாட்டி நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம். மாசாமாசம் இப்டி வர முடியாது. வரலன்னா மூடிடுவீங்களாமே. மூடுனா இவரு காலு போயிடும். காலு போச்சுன்னா அப்புறம் எல்லா நாளும் எங்களுக்கு அமாவாசதான் சார்."

அதிகாரி ஏகாம்பரத்தின் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு டாக்டரிடம், "அமாவாசை ஞாயித்துக்கிழமை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"திங்கக்கிழமை லீவு எடுத்துக்கறோம் சார்."

அவர் சிரித்துவிட்டார். அந்த இடத்திலேயே அனுமதி எழுதிக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஊசி டிரேயை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

புதிதாக நர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வைத்தியம் ஜனங்களின் உரிமை என்று கூட்டங்களில் பேசும்போது நானும் கை தட்டியிருக்கிறேன். இலவசம் என்று போர்டு மாட்டிவிட்டால் அந்த உரிமையைக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் எந்த நாளில் வர முடியும் என்று வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். ஏகாம்பரம் இன்னும் நெய்துகொண்டுதான் இருக்கிறார், பத்து விரல்களோடு.