புஸ்வாணப் பெட்டியில் நாலு பிளக்

ஸ்பார்க் பிளக் கேட்டு வருகிறவரிடம் சோலையம்மாள் முதலில் கேட்பது வண்டி எது என்பதல்ல.

"எந்த ரோட்டுல வந்தீக?"

புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். "பிளக்குக்கும் ரோட்டுக்கும் என்னம்மா?" என்பார்கள். கல்லாவில் இருக்கும் கடை முதலாளி ஊர்க்காவலன் பேப்பரிலிருந்து தலை நிமிராமலே சொல்வார்: "சொல்லிருங்கண்ணாச்சி. சொல்லாம இங்கன சாமான் கிடைக்காது."

அந்தக் கேள்விக்கு வயது எட்டு மாதம்தான். அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல, சோலையம்மாளின் பெட்டிகளிலிருந்து தொடங்க வேண்டும்.

சிவகாசியில், விருதுநகர் போகும் சாலையில் இருக்கிற நடுத்தரமான ஸ்பேர் பார்ட்ஸ் கடை அது. பின்பக்க அலமாரி முழுக்கப் புஸ்வாணப் பெட்டிகள். ஒரு பெட்டிக்குப் பத்துக் குழி. குழிக்கு ஒரு பழைய பிளக். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய துண்டுச் சீட்டு: வண்டி, ஓடிய கிலோமீட்டர், என்ன கோளாறு, பிறகு எந்த பிளக் போட்டது, கோளாறு நின்றதா இல்லையா. புது பிளக் வாங்குகிறவர் பழையதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இது அவர் வைத்த சட்டம். பதினான்கு வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பெட்டி சேர்ந்திருக்கிறது. பார்க்கப் போயிருந்த நான் ஒன்றைத் திறந்தேன். கன்னங்கரேல் என்று ஒன்று, காப்பித்தூள் நிறத்தில் ஒன்று, சுண்ணாம்பாய் வெளுத்தது ஒன்று, முனை உருகிக் கண்ணாடிக் குமிழ் போல் ஆனது ஒன்று. இஞ்சின்களின் உள்நாக்கு ஆயிரத்துச் சொச்சம் ஒரே அலமாரியில் இருந்தது. 

சோலையம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. ஊர் ஏழாயிரம்பண்ணை. படிப்பு பத்தாவது. கடைக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியின் சோதனைத் திடலில் வேலை. புதிதாகக் கலந்த மருந்தில் செய்த பட்டாசு ஒன்றைக் கொளுத்துவார்கள். எவ்வளவு உயரம், என்ன நிறம், எத்தனை நொடி என்று இவர் நோட்டில் எழுத வேண்டும். பச்சையில் மட்டும் ஆறு வகை சொல்வாராம். கம்பெனி மூடிக் கிடந்த ஒரு வருடத்தில் இந்தக் கடைக்கு வந்தவர், இங்கேயே இருந்துவிட்டார். அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்று மட்டும் போகவில்லை. பட்டாசு அறைக்குள் நுழையும்போது உடம்பின் மின்சாரம் இறங்க வாசலிலுள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். இவர் இன்றும் பிளக்கை எடுக்கும் முன் இரும்பு அலமாரியில் உள்ளங்கையை வைத்து எடுக்கிறார்.

"அங்கன ஒரு பொறி வந்துறக் கூடாதுன்னு பயந்தேன். இங்கன பொறி வரணும்னு விக்கிறேன்" என்றார் சிரித்துக்கொண்டு.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை மெர்வின் வந்தார். காலண்டர் அச்சடிக்கும் ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவர். ஆறு வருடமாக ஒரு பழைய காரைப் பிரித்துப் பூட்டி, அதில் சூப்பர்சார்ஜர் மாட்டியிருக்கிறார். இஞ்சின் பெல்ட்டிலேயே சுற்றி, காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் திணிக்கும் பம்பு அது. காற்று அதிகம், பெட்ரோல் அதிகம், வேகம் அதிகம். சூடும் அதிகம். போன வருடம் அந்தச் சூட்டில் மூன்றாவது பிஸ்டன் ஓட்டையாகிவிட்டது. நர்ஸாக வேலை பார்க்கும் மனைவி ஜெபிஷா அப்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இன்னொரு தடவை இஞ்சின் போனால் கார் காயலான் கடைக்கு. மெர்வின் ஒத்துக்கொண்டார். மறந்துவிடக் கூடாது என்று ஜெபிஷா அந்த ஓட்டைப் பிஸ்டனை டி.வி. பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.

மறுநாள் சனிக்கிழமை கோயமுத்தூர் ரேஸ் டிராக்கில் ஓட்டம்.

"என்னலே இப்படி வேர்த்து வந்திருக்க? காரத் தள்ளிக்கிட்டா வந்த?"

"நீங்க வேறக்கா. ஏழு மணிக்கே திறக்காத பைபாஸ்ல போயி நாலு தடவை முழுசா மிதிச்சுப் பாத்தேன். பறக்குதுக்கா! திரும்புறப்ப நாரணாபுரத்துல கம்பெனி வேன்களுக்குப் பின்னால மாட்டிக்கிட்டேன். ஏ.சி. கூட இல்லாம உருட்டிக்கிட்டு வாரேன்."

"ராக்கெட்டு வச்சிருக்கவன் ஆமை மாதிரி வந்தானாம்" என்றார் ஊர்க்காவலன். மூவரும் சிரித்தார்கள்.

கடை வாசலிலேயே நாலு பிளக்கையும் கழற்றிக் கொடுத்தார் மெர்வின். நாலும் கருப்பு. விரலில் ஒட்டும் உலர்ந்த கரி.

இங்கே ஒரு சின்ன விளக்கம். பிளக் தீ மூட்டுவதோடு நிற்பதில்லை. தன் முனையில் ஏறும் சூட்டை இஞ்சின் உடம்புக்குக் கடத்தவும் வேண்டும். சீக்கிரம் கடத்துவது 'கோல்ட்' பிளக். மெதுவாகக் கடத்துவது 'ஹாட்' பிளக். மெர்வின் வாங்கும் கம்பெனியில் எண் கூடக் கூடக் கோல்ட். ரொம்பக் கோல்டாகப் போட்டால் முனை காயாது, கரி பிடிக்கும், பொறி தடுமாறும். ரொம்ப ஹாட்டாகப் போட்டால் முனையே தணலாகி, பொறி வருவதற்கு முன்பே தீ வைத்துவிடும். மேலேறி வரும் பிஸ்டன் அந்த நெருப்பில் போய் முட்டும். டி.வி. பக்கத்தில் இருக்கிற பிஸ்டனுக்கு நேர்ந்தது அதுதான்.

மெர்வின் போட்டிருந்தது ஏழாம் எண். சோலையம்மாள் கரியைப் பார்த்தார், முகர்ந்தார். "முழுசா மிதிச்சேல்ல?"

"மிதிச்சேன்க்கா."

"அப்ப இது சூடே ஏறல. ஆறு போடு."

நாலு ஆறாம் எண் பிளக் எடுத்து, முனை இடைவெளியை கேஜ் தகட்டால் அளந்து குறைத்துக் கொடுத்தார். அமுக்கிய காற்றில் பொறி நீளமாகத் தாண்டாது, அணைந்துவிடும். அதனால் சூப்பர்சார்ஜர் வண்டிக்கு இடைவெளி குறைவாகத்தான் இருக்க வேண்டும். டிராக்கில் போய் மாட்டிக்கொள்வதாகச் சொல்லி, காரை லோடு வேனில் ஏற்றிக்கொண்டு மெர்வின் கிளம்பினார். கரி பிடித்த நாலும் பெட்டிக்குள் போயின.

மாலை ஐந்தரைக்குச் சோலையம்மாள் ஊருக்கு பஸ் ஏறினார். பட்டாசு கம்பெனிகள் விடும் நேரம். ஆட்களை ஏற்றிய வேன்கள் வரிசையாகப் போகும். பெண்கள் ரோட்டைக் கடப்பார்கள். இந்தப் பகுதியில் கம்பெனி கேட்டை ஒட்டி யாரும் முந்துவதில்லை, ஹாரன் அடிப்பதுமில்லை. போர்டு வைத்துச் சொன்ன விதி இல்லை இது. எது லோடு வண்டி, எதில் மருந்து இருக்கிறது என்று தெரியாதபோது உறுமிக்கொண்டு போக யாருக்கும் மனம் வராது. வெளியூர் வண்டிதான் முந்தும். டிரைவர் முதல் கியரில் உருட்டினார். ஜன்னல் வழியே டீசல் புகை வந்தது.

"எம்புட்டு நேரம்தான் இப்படியே உருட்டுவாக!" என்று பக்கத்து சீட்டுப் பெண் சலித்துக்கொண்டார்.

உருட்டுவது. காலையில் மெர்வின் சொன்ன அதே சொல்.

ஏழு மணிக்கு முழுசாக மிதித்தவன் கடைக்கு வந்தபோது எட்டே முக்கால். நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேன்களுக்குப் பின்னால் ஊர்ந்திருக்கிறான். அந்தக் கரி பைபாஸில் ஓடிய ஓட்டத்தின் கரி அல்ல, நாரணாபுரத்தில் ஊர்ந்ததன் கரி. முழு வேகத்தில் பிளக் எப்படி இருந்தது என்பதை அந்த ஒரு மணி நேரம் பூசி மறைத்துவிட்டது. அவன் வாயாலேயே சொன்னான். கேட்டுச் சிரித்துவிட்டு, இன்னும் ஹாட்டான பிளக்கை அவன் கையில் கொடுத்தாயிற்று.

மெர்வின் போன் அணைந்திருந்தது. மூன்று முறை போட்டுவிட்டு ஜெபிஷாவை அழைத்தார்.

"வார்டுல இருக்கேன்க்கா, சொல்லுங்க."

"நான் காலையில தப்பான பிளக் குடுத்துட்டேம்மா. அதப் போட்டு மிதிச்சா இஞ்சின் தாங்காது."

அந்தப் பக்கம் யாரோ ஒரு நோயாளி இருமினார்.

"அவுககிட்ட சொல்லாம விட்டா நாளையோட காரு முடிஞ்சிரும், அப்படித்தானக்கா?"

"ஆமாம்மா."

"ஆறு வருஷம்க்கா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சா அவுக நேரா காருக்கு அடியிலதான்."

பஸ் இரண்டு கம்பெனி கேட்டைத் தாண்டியது.

"லோடு வேன் டிரைவர் நம்பர் எங்கிட்ட இருக்கு. வைங்க, அவுகளப் பேசச் சொல்லுதேன்."

ஐந்து நிமிடத்தில் மெர்வின் அழைத்தார். சோலையம்மாள் வளைக்காமல் சொன்னார்: "நான் தப்பாப் பாத்துட்டேன் தம்பி. ஆறத் தொடாத. கோயமுத்தூர்ல எட்டு கிடைச்சா எட்டு. இல்லன்னா புதுசா ஏழு. ஏழுன்னா ஒரே ஒரு ஓட்டம்."

"ஒண்ணா! நாலு ஓட்டத்துக்குப் பேரு குடுத்திருக்கேன்க்கா."

"ஒண்ணு. கோட்டத் தாண்டினதும் கிளட்ச்ச மிதிச்சு இஞ்சின அணை. சாவிய உருவிறாத, ஸ்டியரிங் பூட்டிக்கிரும். உருண்டு நிக்கிற இடத்துலயே பிளக்கக் கழட்டு. திரும்ப ஸ்டார்ட் பண்ணாத. துடைக்காத. அப்படியே கொண்டா."

"போட்டோ அனுப்பட்டா?"

"போட்டோவுல கலரு பொய் சொல்லும். பிளக்கு வரணும்."

எட்டு கிடைக்கவில்லை. சனிக்கிழமை ஏழாம் எண்ணோடு ஒரே ஓட்டம் ஓடிவிட்டு, மீதி மூன்றையும் விட்டுக்கொடுத்து, கூட ஓட்டியவர்களின் கேலியை வாங்கிக்கொண்டு மெர்வின் காரை மறுபடி வேனில் ஏற்றினார்.

திங்கட்கிழமை காலை கடையில் சோலையம்மாளைச் சுற்றி மூன்று பேர்: மெர்வின், நைட் டூட்டி முடித்து நேரே வந்த ஜெபிஷா, கல்லாவில் ஊர்க்காவலன். ஒரு புஸ்வாணப் பெட்டியில் நாலு பிளக்கும் குழிக்கு ஒன்றாக நின்றன.

"அழகா இருக்குக்கா, பாருங்க. லேசான பழுப்பு. வீணா மூணு ஓட்டத்த விட்டுட்டேன்" என்றார் மெர்வின்.

சோலையம்மாள் அலமாரியில் கை வைத்து எடுத்தார். ஒன்றாவது, இரண்டாவது, நாலாவது பிளக்குகள் சுத்தம். மூன்றாவதை மட்டும் வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் லென்ஸக் குடு."

அச்சில் மைப்புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் லென்ஸ் எப்போதும் மெர்வின் சட்டைப்பையில் இருக்கும். வாங்கிக் கண்ணில் வைத்தார். பிறகு லென்ஸை மெர்வினிடம் நீட்டினார்.

வெள்ளைப் பீங்கானின் மேல் கசகசாவைவிடச் சின்னதாக ஐந்து புள்ளி. பளபளவென்று இருந்தன.

"தூசிக்கா."

"தினமும் புள்ளி பாக்கிற கண்ணு பேசுற பேச்சா இது? தூசி மின்னாது. பதினோரு வருஷம் வெள்ளை வெளிச்சத்துக்குப் போடுற அலுமினியப் பவுடரப் பாத்தவ நான். இது அலுமினியம். இஞ்சினுக்குள்ள அலுமினியம் எதுல இருக்கு?"

மெர்வினுக்குத் தெரியும். பிஸ்டன். தீ தாறுமாறாக அடித்து, பிஸ்டனின் தலையிலிருந்து பெயர்ந்த உலோகம் பிளக்கில் தெறித்து ஒட்டியிருந்தது. ஏழாம் எண்ணிலேயே, ஒரே ஓட்டத்திலேயே.

முழு வேகத்தில் அந்த இஞ்சின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று. அப்போது ஒரு பிளக் நொடிக்கு ஐம்பது முறை தீ மூட்டும். பதினைந்து நொடி ஓட்டத்தில் எழுநூறுக்கு மேற்பட்ட நெருப்பு. அத்தனையும் நகத்தளவு பீங்கானில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதைப் படிக்க ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒருவர் தேவைப்பட்டார்.

"ஆறப் போட்டிருந்தா?" என்றார் மெர்வின் மெதுவாக.

"கோட்டையே தொட்டிருக்க மாட்ட. எட்டு வரவழைச்சுத் தாரேன். இஞ்சினுக்கு லேப்டாப்புல செட்டிங் போட்டுக் குடுத்தவன்கிட்ட இந்தப் புள்ளியச் சொல்லு. அதுவரைக்கும் மிதிக்காத."

ஜெபிஷா லென்ஸை வாங்கினார். இரவெல்லாம் விழித்த கண்ணை அதில் வைத்தவர், எடுக்கவே இல்லை.

"ரத்தப் பரிசோதனை மாதிரில்லக்கா இருக்கு."

"அதேதாம்மா."

"இத நான் வச்சுக்கிடட்டா? டி.வி. பக்கத்துல."

"பழைய பிளக்கு எனக்கு" என்றார் சோலையம்மாள். "எப்ப வேணாலும் வந்து பாரு."

ஊர்க்காவலன் நூலும் சீட்டும் எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது பிளக்குக்கு எழுதிக் கட்டிய பிறகு, வெள்ளிக்கிழமை வாங்கி வைத்த கரி பிளக்கில் ஒன்றையும் எடுத்து, அதில் கட்டியிருந்த சீட்டை அவிழ்த்துவிட்டுப் புதிதாக எழுதினார். அந்தச் சீட்டை இப்போது எனக்குக் காட்டினார். பென்சில் எழுத்து, சற்றே கோணல்:

"ஏழு. கருப்பு. வேனுக்குப் பின்னால் வந்தது. நான் ரோட்டைக் கேட்கவில்லை."