ஒரு வாரம் மரத்தடி, ஒரு வாரம் கருவாடு

படம் வரையறவனுக்குக் கை ஒண்ணு இருந்தாப் போதும்; அதை விக்கிறதுக்குத்தான் வாய், சிரிப்பு, பொறுமை எல்லாம் வேணும். எனக்குக் கடவுள் கையை மட்டும் குடுத்துட்டு, மிச்சம் எல்லாத்தையும் பக்கத்துல கடை போட்டவளுக்குக் குடுத்துட்டாரு. கவிதைப் புத்தகம் அச்சடிச்சுக் கட்டிலுக்கடியில அடுக்கி வச்சிருக்கிறவங்க, பொம்மை பண்ணிப் பரண்ல ஏத்தி வச்சிருக்கிறவங்க, எல்லாரும் இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க. நம்ம எல்லாருக்கும் ஒரே வியாதிதான்.

நான் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரன், பேரு ஏழுமலை. வார நாள்ல ஃபைபர் போட்டுங்களுக்குப் பேரும் நம்பரும் எழுதுவேன். ஞாயித்துக்கிழமை ஆனா, பழவேற்காடு பாலம் இறங்கற இடத்துல, பூநாரை பார்க்க வர்ற காருங்க நிக்கிற புங்கமரத்தடியில, நான் வரைஞ்ச படங்களைச் சாய்ச்சு வச்சிக்கினு உக்காருவேன். அதுல ஒண்ணு ரொம்பப் பெருசு, கதவு அளவு. ஏரியில கழுத்தளவு தண்ணியில நாலு பொம்பளைங்க நின்னுக்கினு கையாலயே இறால் தடவறாங்க. புடிச்ச இறாலைப் போட ஆளுக்கொரு ஓலைப் பறியைப் பல்லால கடிச்சிக்கினு இருக்காங்க. அதை வரைய எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. எங்க வீடு ஒத்த ரூமு. அந்தப் படத்தை உள்ள வச்சா கதவு பாதிதான் தொறக்கும். என் பொண்டாட்டி செல்வி பக்கவாட்டுலயே நுழைஞ்சு நுழைஞ்சு பார்த்துட்டு ஒரு நாள் தீர்ப்பு சொல்லிட்டா: "பறவை சீசன் முடியறதுக்குள்ள இது போவலைன்னா ஆட்டுக் கொட்டாய்க்கு மறைப்பா கட்டிடுவேன். நீ எங்கண்ணன் கூட கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு வாட்ச்மேனா போய்ச் சேரு."

மூணாவது லேடி

சீசன் ஆரம்பத்துல ஒரு குடும்பம் கார்ல வந்து இறங்கி, நேரா அந்தப் பெரிய படத்துக்கு முன்னாடி வந்து நின்னுது. கால் மணி நேரம் நகரல. அந்தம்மா, "வாயில என்ன வச்சிருக்காங்க?"ன்னு கேட்டாங்க. "பறி"ன்னு சொல்லிட்டு நிறுத்திக்கினேன். படம் பேசணும், நான் இன்னாத்துக்குப் பேசணும்? அதுதான் என் கொள்கை. உங்களுக்கும் அந்தக் கொள்கை இருந்தா இப்பவே தூக்கி ஏரியில கடாசுங்க.

அவங்க வீட்டுக்காரர் பின்னால போயிப் பார்த்தாரு, முன்னால வந்து பார்த்தாரு, ஒரு கண்ணை மூடிக்கினும் பார்த்தாரு. அப்புறம் பர்ஸ் இருக்கிற பாக்கெட்டுல கையை வச்சிக்கினு சொன்னாரு: "எல்லாம் ஓகே சார். அந்த மூணாவது லேடி தலைக்கு மேல மட்டும் ஒரு பூநாரை போட்டுக் குடுங்க, இப்பவே எடுத்துக்கறோம்."

ரோஸ் கலர்

அதுக்கு அடுத்த வாரம்தான் கஸ்தூரி வந்தா. ஆரம்பாக்கத்துப் பொண்ணு, எங்க குப்பத்துல கட்டிக் குடுத்தது. என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவ. ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய சின்னச் சின்ன படங்களோட வந்து என் பக்கத்துலயே கோணியை விரிச்சா. எல்லாத்துலயும் பூநாரை. பஞ்சு முட்டாய் கலர்ல நிக்குது. "எந்த ஊரு சார்? பாப்பா பேரு இன்னா?"ன்னு கேக்கிறா, பறவை காலுக்குக் கீழ அந்தப் பேரை எழுதறா, குடுக்கறா. வெயில் உச்சிக்கு வர்றதுக்குள்ள கூடை காலி. பக்கத்துல மீன் வறுத்து விக்கிற முனியம்மாக்கா கடையில உக்காந்து வஞ்சிரம் தின்னுக்கினு இருக்கா. நான் கொண்டு போனது அத்தனையும் அப்படியே இருக்கு.

மறைக்காம சொல்றேன், பொறாமைதான். சும்மா லேசான பொறாமை இல்ல, தட்டுல சோத்தை வச்சா தொண்டையில இறங்காத பொறாமை. அவ பறவையைப் பார்த்துக்கூட எனக்கு எரியல. அது காலுக்குக் கீழ இருக்கிற தண்ணி இருக்கு பாருங்க, அதைப் பார்த்துதான் எரிஞ்சுது. அடியில சேறு கலங்குது, மேல வெயில் வழுக்கிக்கினு போவுது. நான் பத்து வருஷமா தேடற தண்ணி அது. பாவி, அவளுக்கு அது ரெண்டு இழுப்புல வருது! அதை வாங்கினு போறவன் ஒருத்தனாச்சும் அந்தத் தண்ணியைப் பார்த்தானா? எல்லாவனும் பாப்பா பேரு கரெக்டா இருக்குதான்னு பார்க்கறான்.

சரி, நாமளும் ஒரு பூநாரை போடுவோம்னு இறங்கினேன். ரெண்டு நாள் ஏரிக்கரையில உக்காந்து நிஜமான பறவையைப் பார்த்து வரைஞ்சேன். நம்ம ஏரிக்கு வர்றதுல பாதி குஞ்சுப் பறவை, சாம்பல் கலர்ல இருக்கும். மிச்சமும் வெள்ளைதான், றெக்கையை விரிச்சாத்தான் செவப்பு தெரியும். பார்த்தது பார்த்தபடி போட்டு மரத்தடியில வச்சேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா குனிஞ்சு பார்த்துட்டு என்னைத் திட்டினாங்க: "என்ன சார், கொக்கை வரைஞ்சுட்டு பூநாரைன்னு ஏமாத்தறீங்களே!"

தலைவர் தீர்ப்பு

மரத்தடியில நிழல் ஒரு கடைக்குத்தான் நல்லா விழும். கார்ல வர்றவங்க கால் வைக்கிறதும் அங்கதான். ஒரு வாரம் அவ விடியறதுக்கு முன்ன வந்து இடம் போட்டா. அடுத்த வாரம் நான் அதுக்கும் முன்ன வந்தேன். மூணாவது வாரம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்து, ஊரே வேடிக்கை பார்க்கிற மாதிரி கத்தினோம். "நீ வரையறதெல்லாம் படமா?"ன்னு நான் கேட்டேன். "என்னுது விக்குது இல்ல? அப்போ அதுதான் படம்"னு அவ சொன்னா. விஷயம் குப்பத்துத் தலைவர்கிட்ட போச்சு.

எங்க ஊருல ஏரியில யாரு எந்த இடத்துல என்னிக்கு வலை கட்டறதுன்னு சீட்டுப் போட்டு முறை வைப்பாங்க. முறைக்காரன் சுகமில்லாம படுத்துட்டாலும் அவன் முறை வீணாவாது. இன்னொருத்தன் போயி வலை கட்டி, வந்ததை அவன் வீட்டுல சேர்க்கணும். தலைவர் அதையே மரத்தடிக்கும் வச்சிட்டாரு. ஒரு ஞாயிறு எனக்கு, ஒரு ஞாயிறு அவளுக்கு. முறை இல்லாதவங்க கருவாடு காயப்போடற களத்தோரம் உக்காரணும். முறைக்காரங்க வர முடியலைன்னா மத்தவங்க மரத்தடியில உக்காந்து அவங்க படத்தை முன்னால வச்சு வித்துக் குடுக்கணும், தன்னுதைப் பக்கத்துல வச்சிக்கலாம். படம் வேற, மீன் வேறன்னு நான் இழுத்தேன். தலைவர் சீட்டை மடிச்சிக்கினே சொன்னாரு: "மீனாவது தப்பிச்சு ஓடும். உன் படம் எங்கயும் ஓடல இல்ல? கம்முனு சீட்டை எடு."

வாசனை

மொத சீட்டு அவளுக்கு விழுந்துது. நான் களத்தோரம் போனேன். ஒரு பக்கம் நெத்திலி, ஒரு பக்கம் வாளை, நடுவுல நான். அங்கேர்ந்து பார்த்தா மரத்தடி நல்லாத் தெரியும், அதுதான் கொடுமை. அவ கோணிக்கிட்ட யாராச்சும் குனிஞ்சா எனக்கு இங்க முதுகு வலிக்குது. யாராச்சும் வாங்காம போனா, சத்தியமா சொல்றேன், ஒரு டீ குடிச்ச தெம்பு வருது.

சாயங்காலமா ஒரு காலேஜ் பையன் வழி தவறி என் பக்கம் வந்தான். பெரிய படத்துக்கிட்ட மூக்கைக் கொண்டு போனான். பின்னால வந்தான், மறுபடியும் கொண்டு போனான். அவன் மூஞ்சியில அப்படி ஒரு ஆச்சரியம்: "அண்ணா, மீன் வாசனை வர்ற மாதிரியே வரைஞ்சிருக்கீங்களே, இதுக்குன்னு தனி பெயிண்ட் இருக்கா?"

அடுத்தவ சரக்கு

தை மாசத்துல ஒரு ஞாயிறு. முறை கஸ்தூரிக்கு. காலையில அவ புருஷன் ஓடி வந்து, குழந்தைக்கு ஜொரம், கஸ்தூரி பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்குதுன்னு சொல்லிட்டுக் கூடையை என் காலடியில வச்சிட்டுப் போயிட்டான். தலைவர் முறையாச்சே, தட்ட முடியுமா? மரத்தடிக்குப் போயி அவ படங்களை முன்னால அடுக்கிட்டு என்னுதைப் பக்கத்துல சாய்ச்சு வச்சேன். இன்னிக்கு ஒண்ணுகூட விக்கக் கூடாதுன்னு மனசுக்குள்ள வேண்டிக்கினேன். குழந்தைக்குச் சரியாவணும்னும் வேண்டிக்கினேன், நான் ஒண்ணும் அவ்ளோ மோசமான ஆளு இல்ல.

ஒரு பெரியவர் வந்து ஒரு படத்தை எடுத்து, "கலர் கொஞ்சம் ஜாஸ்தி"ன்னாரு. எனக்கு எங்கேர்ந்து கோவம் வந்துதோ தெரியல. "பறவையை வுடுங்க சார், தண்ணியைப் பாருங்க"ன்னு ஆரம்பிச்சேன். இங்க சேறு எப்படிக் கலங்குது, இங்க காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குது, இந்த ஒரு இழுப்பைப் போட எத்தினி பேரு எத்தினி வருஷம் தவிக்கிறான்னு மூச்சு வுடாம பேசினேன். அந்தப் படங்களை நான் வாரா வாரம் எரிஞ்சு எரிஞ்சு பார்த்திருக்கேன். அவளைவிட எனக்குத்தான் அதுல ஒவ்வொரு கோடும் தெரியும். கூட்டம் சேர்ந்து போச்சு. கூடை காலியாச்சு. பக்கத்துல இருந்த என் படத்தைப் பத்தி யாரோ கேட்டாங்க. "இறால் தடவறாங்க"ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கினேன். பெரியவர் போகும்போது என் தோளைத் தட்டினாரு: "உங்க பொண்ணு வரைஞ்சதா? பெத்தவங்களுக்குத்தான் இவ்ளோ பெருமை வரும்."

மரத்தைப் பார்த்து

சீசனோட கடைசி ஞாயிறு வந்துது. முறை என்னுது. அன்னிக்குப் பார்த்து மச்சான் கம்பெனியில ஆள் எடுக்கறாங்கன்னு செல்வி என்னைக் கும்மிடிப்பூண்டிக்குத் தொரத்திட்டா. பெரிய படத்தைக் கஸ்தூரிகிட்ட ஒப்படைச்சிட்டு பஸ் ஏறினேன். வேலை கெடைச்சுப் போச்சு. நாளைக்கே வரச் சொல்லி யூனிஃபார்முன்னு ஒரு நீலச் சட்டையும் குடுத்தாங்க. வழி பூராவும் அந்தச் சட்டையை மடியில வச்சிக்கினு, ஆட்டுக் கொட்டாய்ல என் நாலு பொம்பளைங்களும் மழையில நனையறதை நெனச்சிக்கினே வந்தேன்.

திரும்பி வந்தா மரத்தடியில படம் இல்ல. கஸ்தூரி தலையைக் குனிஞ்சிக்கினு கோணியைச் சுருட்டறா. "எங்க என் படம்?"னு கேட்டேன். "போயிடுச்சு"ன்னு பணத்தை நீட்டினா. மூஞ்சி உம்முனு இருக்கு. சொன்ன வெலையில ஒத்த ரூபா கொறையல. யாரு வாங்கினது, இன்னா சொன்னாங்கன்னு கேட்டா, கூடையைத் தூக்கினு விறுவிறுன்னு நடந்துட்டா. அவ போனதும் முனியம்மாக்கா என்னைக் கிட்ட கூப்பிட்டாங்க. "ஏழுமலை, அவ காலையிலேர்ந்து உன் படத்தை மரத்தைப் பார்க்கத் திருப்பி வச்சிருந்தா. நானே என் கண்ணால பார்த்தேன்." நான் அவ கூடையைக் காலி பண்ணிக் குடுத்தேன், அவ என் படத்தை மூடி வைக்கிறாளா? நேரா தலைவர் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில போன் அடிச்சுது.

படத்தை வாங்கினவரு. மெட்ராஸ்காரர். படத்துக்குப் பின்னால, ஃபைபர் போட்டுல நம்பர் எழுதற மாதிரி கொட்டை எழுத்துல நான் எழுதி வச்சிருந்த பேரையும் நம்பரையும் பார்த்துக் கூப்பிட்டிருக்காரு. கண்ணாடி போட்டு மாட்டணுமா, சும்மா மாட்டலாமான்னு கேட்டாரு. சும்மா மாட்டுங்கன்னு சொல்லிட்டு, திருப்பி வச்சிருந்த படம் எப்படி சார் உங்க கண்ணுல பட்டுதுன்னு கேட்டேன்.

அவர் சிரிச்சிக்கினே சொன்னாரு: "முதுகைக் காட்டிட்டு ஒரு படம் நிக்குதேன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன் சார். காட்டவே மாட்டேன்னுது. ஏம்மான்னு விடாம கேட்டதுக்கு, 'அதைப் பார்த்துட்டா அப்புறம் என்னுதை யாரும் வாங்க மாட்டாங்க சார், எனக்கே என்னுதைப் பார்க்கப் புடிக்கல'ன்னு சொல்லிட்டு அழுதுடுச்சு."

தலைவர் வீட்டுக்குப் போகாம பாதி வழியிலயே திரும்பிட்ட நான், ஊரெல்லாம் கேட்டும் கெடைக்காத பாராட்டை என் எதிரி மனசெரிஞ்சு குடுத்த சந்தோஷத்துல, அந்த நீலச் சட்டையிலதான் இப்ப பிரஷ் தொடைச்சிக்கினு இருக்கேன்.