ஒரு ஆள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க: புதுச்சேரியில் மூன்று நாள்

காலாண்டு விடுமுறைக்குத் தனியாக எங்காவது போய்வருவது என்று நான் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம், அண்ணனோடு போன் பேசி முடித்த அஞ்சாவது நிமிடம். கடல் பார்க்கவேண்டும் என்ற ஆசையெல்லாம் அப்புறம் வந்தது. முதலில் வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும் என்றிருந்தது.

நான் இருப்பது திருச்சி உறையூரில். வயது ஐம்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை, ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். அண்ணன் தஞ்சாவூரில். அவர் பையனுக்குத் தை மாதம் கல்யாணம். பையனுக்கு வேலை திருச்சியில் என்பதால் புதுமணத் தம்பதி எங்கள் வீட்டில்தான் இருக்கப்போகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, சந்தோஷம்தான். ஆனால் அண்ணன் கேட்டது என்னுடைய முன்னறையை.

"நீ அம்மா ரூமுக்கு மாறிக்க சாந்தி. அது சும்மாதான கெடக்கு. ஒரு ஆள்தான, அட்ஜஸ்ட் பண்ணிக்க மாட்டியா? திங்கக்கெழம கார்பென்டர் அலமாரிக்கு அளவெடுக்க வர்றாரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடு" என்றார்.

அம்மா அறை பின்பக்கம், அடுக்களையை ஒட்டி இருக்கிறது. அம்மா நாலு வருடம் அதில் படுக்கையாகக் கிடந்தாள். பக்கத்தில் தரையில் பாய் போட்டு நான். சித்திரையில் அம்மா போனபிறகு முன்னறைக்கு மாறினேன். மாறிய அன்றைக்குத்தான் பல வருடம் கழித்து விடியவிடிய தூங்கினேன். அந்தப் பின்னறைக்குள் இப்போதும் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் நுழைகிறேன். இதை அண்ணனிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. "பாக்கலாம்ண்ணே" என்று வைத்துவிட்டு, புதுச்சேரிக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று தேட ஆரம்பித்தேன்.

இந்த அட்ஜஸ்ட் என்ற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் பயணம் முழுக்க இது என்கூடவே வந்தது. நான் எடுக்கும் பாடப்புத்தகத்தில் இதற்கு நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்வது, மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொள்வது என்று சாதுவான அர்த்தங்கள்தான். நம்மிடம் வந்தபிறகு அதற்கு வேலை அதிகமாகிவிட்டது. தையல்காரர் ரவிக்கையில் அரை அங்குலம் அட்ஜஸ்ட் பண்ணுவார். சாம்பாரில் உப்பு கூடினால் ஒரு உருளைக்கிழங்கைப் போட்டு அட்ஜஸ்ட் பண்ணுவோம். யாராவது லீவு போட்டால் தலைமையாசிரியை என்னைத்தான் கூப்பிடுவார்: "டீச்சர், இந்த ஒரு பீரியட அட்ஜஸ்ட் பண்ணிடுங்க." பெண்பார்க்க வருகிறவர்களுக்கு அட்ஜஸ்ட் பண்ணிப்போகிற பெண் வேண்டும். எனக்கும் அப்படித்தான் சான்றிதழ் கொடுத்துப் பார்த்தார்கள், கல்யாணம்தான் நடக்கவில்லை.

இனி பயணம். வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்குத் திருச்சியிலிருந்து நேர் பஸ். பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகச் சுமார் 205 கிலோமீட்டர், டிக்கெட் 215 ரூபாய். சீக்கிரமே போய் முன்வரிசை ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டேன். பெரம்பலூரில் கணவன், மனைவி, ஒரு பெண்குழந்தை ஏறினார்கள். அந்த மனுஷர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், நாங்க மூணு பேரும் ஒண்ணா உக்காந்துக்கறோம். நீங்க ஒரு ஆள்தானே, பின்னாடி அட்ஜஸ்ட் பண்ணிக்கங்களேன்."

பின்னாடி என்றால் டயருக்கு மேலே இருக்கும் சீட்டு. காலை நீட்ட முடியாது, மடக்கவும் முடியாது. பதினொன்றரைக்குப் புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது முட்டி இரண்டும் என்னோடு பேசவில்லை.

பேருந்து நிலையத்திலிருந்து கடற்கரைப் பக்கம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 150 ரூபாய், பேரம் பேசினால் 120க்கும் வருவார்கள். டிரைவர் கிளம்புவதற்கு முன் கண்ணாடியைத் திருப்பி என் முகம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். பாடப்புத்தக அர்த்தத்தில் ஒருவர் அட்ஜஸ்ட் பண்ணியதை அன்றைக்கு அங்கேதான் பார்த்தேன்.

"ஒண்டியாதான் வந்தீங்களா மேடம்?"

"ஆமா."

"கூட யாரும் வர்லியா?" என்று இன்னொரு தடவை கேட்டார். பாவம், நான் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்திருப்பார்.

விடுதி கடற்கரைச் சாலைக்கு ஒரு தெரு உள்ளே. போனிலேயே பேசி மூன்றாவது மாடி முன்பக்க அறையைச் சொல்லி வைத்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் கூரைகளுக்கு மேலே கடல் தெரியும், ஒருநாள் வாடகை 1,900. மேனேஜருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். அந்த ஊர்ப் பழைய ஆட்கள் சிலரைப் போல மேடம் என்று சொல்லாமல் மதாம் என்றார்.

"மதாம், ஒரு சின்ன விஷயம். கைக்கொழந்தையோட ஒரு ஃபேமிலி வந்துட்டாங்க. முன்பக்க ரூம அவங்களுக்குக் குடுத்துட்டேன்னா கொழந்தைக்கும் வசதியா இருக்கும். நீங்க ஒரு ஆள்தான..."

அவர் முடிப்பதற்குள் நான் "பரவால்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொள்கிறது. வாடகையில் முந்நூறு குறைத்தார். பின்பக்க அறை ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சுவர், சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய். பெட்டியை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பின்னறையிலும் ஜன்னலுக்கு நேரே குழாய்தான்.

மத்தியானம் நேரு வீதியில் ஒரு மெஸ்ஸில் மீன் சாப்பாடு, 160 ரூபாய். குழம்பு நன்றாக இருந்தது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்த என்னைக் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். காரணம் எழுதவேண்டியதில்லை.

மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. ஒன்றரைக் கிலோமீட்டர், நிம்மதியாக நடக்கலாம். நடந்தேன். தனியாகப் போகிறவர்கள் ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள்: கடற்கரையில் தனியாக நிற்பவரிடம்தான் எல்லோரும் போனை நீட்டுவார்கள். அந்த ஒரு மணிநேரத்தில் ஏழு குடும்பங்களைப் படம் எடுத்தேன். இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள் என்று நானே சொல்லிச் சொல்லி எடுத்தேன். ஏழாவது குடும்பம் போனபிறகு பாறைகளைப் பார்த்து உட்கார்ந்தவளுக்கு அழுகை வந்தது. அம்மா போனதற்குக்கூட நான் அவ்வளவு அழவில்லை. அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

விடுதிக்குத் திரும்பும்போது தெருவிலிருந்து என் அறையை, அதாவது என் அறையாக இருந்திருக்கவேண்டிய அறையை, அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் ஒரு பெட்ஷீட்டை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கடலே தெரியக்கூடாது என்பது போல முழுசாக மூடியிருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வேண்டாதவர்களுக்கு எதற்கு அந்த ஜன்னல்?

சனிக்கிழமை காலை ஏழரைக்குப் பெரிய மார்க்கெட். சீக்கிரம் போனால்தான் மீன் பகுதியை முழுசாகப் பார்க்க முடியும், செருப்பு நனையும். கடைசியாக வந்த ஒரு மீன்கார அம்மா, உட்கார்ந்திருந்த இன்னொருவரிடம், "இன்னாக்கா, கூடைய கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு" என்றார். அந்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கூடையை இழுத்துக்கொண்டு காலையும் மடக்கிக்கொண்டார். ஒன்றரை ஆள் இடத்தில் இரண்டு பேர் முட்டியோடு முட்டி இடித்து உட்கார்ந்து வெற்றிலையை மாற்றிக்கொண்டார்கள். யாரும் யாரையும் ஓரமாகப் போகச் சொல்லவில்லை. கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன், மீன் வாங்கவில்லை.

பத்தரைக்கு விடுதி மாடிப்படியில் அந்தக் குழந்தையை முதல்முதலாகப் பார்த்தேன். ஐந்தாறு மாதம் இருக்கும், காதை மூடித் துணி சுற்றியிருந்தார்கள். தூக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்தைந்துகூட இருக்காது. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றாள்.

"நீங்கதான ரூம் குடுத்தவங்க? மேனேஜர் சொன்னாரு. ரொம்ப தேங்க்ஸ்க்கா."

"ஜன்னல மூடிட்டீங்க போலருக்கே" என்றேன். குரல் கொஞ்சம் காரமாகத்தான் வந்தது.

அவள் முகம் சின்னதாகிவிட்டது. "புள்ளைக்குச் சளிக்கா. கடக்காத்து நைட்டு பூரா அடிக்குது, ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. நாங்க காத்து வராத ரூமாத்தான் கேட்டோம். அவரு, ஒரு மேடம் உங்களுக்காவ விட்டுக் குடுத்துட்டாங்கன்னு சொல்லிட்டாரு. நீங்க அவ்ளோ பெரிய மனசு பண்ணி அட்ஜஸ்ட் பண்ணிருக்கீங்க, வேணாம்னு எப்பிடி சொல்றதுன்னு நாங்களும் அட்ஜஸ்ட் பண்ணிக்கினோம்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் குழந்தைக்கு நல்லது என்று நினைத்தார். நான் கேள்வி முடிவதற்குள் சரி என்றேன். இவர்கள் என் மனசு நோகக்கூடாது என்று ஜன்னலை மூடிக்கொண்டு கிடந்தார்கள். யாரும் யாரையும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எல்லோரும் ரொம்ப நல்லவர்களாக இருந்து, ஒரு குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

பத்து நிமிடத்தில் அறைகளை மாற்றிக்கொண்டோம். அவள் என் பெட்டியைத் தூக்கி வந்து வைத்தாள், நான் குழந்தையைத் தூக்கிப் போனேன். குழாய் பார்த்த அறை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. சாயங்காலம் கதவைத் தாண்டிப் போகும்போது உள்ளே சத்தமே இல்லை, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு விடுதி முன்பக்க அறையின் ஜன்னலைத் திறந்துவைத்து, கடலைப் பார்த்தபடி அண்ணனைக் கூப்பிட்டேன். போட்டு வைத்து, போட்டு வைத்து, மூன்றாவது தடவைதான் மணி அடிக்கவிட்டேன்.

"அண்ணே, என்னால அம்மா ரூம்ல தூங்க முடியாது. படுத்தா அம்மா கூப்புடுற மாதிரியே இருக்கு. எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கறேன். முன் ரூம் எனக்கு வேணும்ணே."

அந்தப் பக்கம் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அதை யாரோ அணைத்தார்கள்.

"இத நீ சொல்லவே இல்லையே சாந்தி."

"நீ கேக்கல. நானும் சொல்லல."

"சரி விடு. பின் ரூம இடிச்சுப் பெருசாக் கட்டிக் குடுத்துடலாம் பசங்களுக்கு. நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்."

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை இன்னொருவர் எனக்காகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஜன்னல் முழுக்கக் கடல், அறை முழுக்க நான் மட்டும். இரண்டுபேர் படுக்கிற கட்டிலில் ஒரு தலையணை கசங்காமல் இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. அதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது, சொல்ல ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேனோ என்னவோ.

பன்னிரண்டரைக்குத் திருச்சி பஸ். இந்த முறை இரண்டு பேர் சீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்று பக்கத்தில் என் பையைக் கோட்டை மதில் மாதிரி வைத்துக்கொண்டேன். பஸ் கிளம்பும் நேரத்தில் ஓர் அம்மா காலிக் கூடையோடு ஏறினார். மார்க்கெட்டில் கீரை விற்றுவிட்டு வளவனூருக்குத் திரும்புகிறவர்.

"பைய எடுத்துக்கம்மா, அட்ஜஸ்ட் பண்ணி உக்காந்துக்கலாம்."

முடியாது என்று சொல்லும் தெம்பு அன்றைக்கு எனக்கு இருந்தது. பையை எடுத்தேன். அவர் ஜன்னலைக் கேட்கவில்லை, பின்னால் போகச் சொல்லவில்லை. கூடையைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வில்லியனூர் தாண்டுவதற்குள் தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்துவிட்டார். தலையில் கொத்தமல்லி வாசனை. வளவனூர் வரும்வரை முக்கால் மணிநேரம் நான் தோளை அசைக்கவில்லை.

தனியாகப் புதுச்சேரி போக நினைப்பவர்களுக்கு: மூன்று நாளைக்கு எனக்குச் சாப்பாடு உட்பட ஐயாயிரத்துக்குச் சற்றுமேல் ஆனது. சனி, ஞாயிறில் வாடகை ஏறும், நடுவாரத்தில் போனால் குறையும். மார்க்கெட்டுக்குக் காலையில் போங்கள், கடற்கரைக்கு ஆறு மணிக்கு மேல் போங்கள். அறையை மாற்றச் சொன்னால், யாருக்கு, அவர்கள் கேட்டார்களா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு உங்களுக்குப் பிடிக்குமென்றால் விட்டுக்கொடுக்காதீர்கள். பையை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.