பதினோரு வயிற்றுவலி

எங்கள் பல்கலைக்கழகத் துறையில் அவரை வார்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது வருடமாகச் சிறைக் காவலர். குற்றவியல் நீதித் துறையில் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். காலை ஷிஃப்ட் முடிந்ததும் காக்கிப் பேன்ட்டின் மேல் ஒரு கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஆய்வு மாணவர் அறைக்கு வந்துவிடுவார். வாசலில் நின்று உள்ளே எத்தனை பேர் என்று உதட்டசைத்து எண்ணிவிட்டுத்தான் உட்காருவார்.

"எவனாவது தப்பிச்சிட்டானாண்ணே?" என்று கேட்பேன்.

"இங்கேர்ந்து எவன் தப்பிப்பான்? அங்கயாவது தண்டனை எத்தனை வருஷம்னு சொல்லிடுவாங்க."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் பிடிக்கும். அவர் வீட்டிலும் அவர்தான் முதல். பட்டம் வருவதற்கு முன்பே அவர் மனைவி கூரியர்காரரிடம், "டாக்டர் வீடுன்னு கேளுங்க, காட்டுவாங்க" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

விசாரணைக் கைதிகளின் உடல்நலக் குறைவால் வழக்குகள் எப்படித் தாமதமாகின்றன என்பது அவருடைய தலைப்பு. வாய்தா நாளில் கைதியை நீதிமன்றத்துக்கு அனுப்பாவிட்டால், காரணத்தை ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். ஆறு வருடப் பதிவேடுகளை உட்கார்ந்து நகல் எடுத்திருந்தார். அவர் ஒற்றை விரலில் தட்டச்சு செய்பவர் என்பதால், கணினியில் ஏற்றும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன்.

ஏற்றி முடித்து வரிசைப்படுத்தியபோதுதான் கண்ணில் பட்டது.

"அண்ணே, ஒரே ஆளுக்குப் பதினோரு வாய்தா. பதினொண்ணுக்கும் வயித்துவலி. மறுநாள் சரியாயிடுது. இன்னொண்ணு பாருங்க, அமைச்சர் ஊருக்கு வர்ற நாளெல்லாம் ஜெயில்ல பாதிப் பேருக்குக் காய்ச்சல்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அது நான் எழுதினதுப்பா" என்றார்.

கைதியை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போக வழிக்காவல் போலீஸ் வர வேண்டும். அவர்கள் பந்தோபஸ்துக்குப் போய்விட்டால் வருவதற்கு ஆள் இருக்காது. உள்ளதை உள்ளபடி எழுதினால் நீதிமன்றம் இரண்டு துறையையும் விளக்கம் கேட்கும். அதனால் உடல்நலக் குறைவு என்று எழுதிவிடுவது அங்கே வழக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொடுத்துவிடுவார்களாம். கையே எழுதும், மனசுக்குத் தெரியாது என்றார். அப்படி எழுதியதை எல்லாம் கூட்டிக் கழித்து, சதவீதம் போட்டு, நான்காவது அத்தியாயமாகவும் எழுதி முடித்திருந்தார். ஆய்வில் சேர்ந்த ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட அது உறைக்கவில்லை.

"யாருண்ணே அந்தப் பதினோரு வாய்தா ஆளு?"

"பாத்திரக்கடையில வேலை பார்த்தவன். திருட்டுக் கேஸ். வாய்தா அன்னிக்குத் துவைச்ச சட்டையப் போட்டுக்கிட்டு ஏழு மணிக்கே கேட்ல வந்து உக்காந்துருவான். மதியம் வரைக்கும் பாப்பான். அப்புறம் சட்டையக் கழட்டி மடிச்சுக்கிட்டு உள்ள போயிருவான். பதினாலு மாசம் கழிச்சுக் குற்றவாளி இல்லேன்னு விட்டாங்க. வயித்துவலியெல்லாம் அவனுக்கு வந்ததே இல்ல. எங்க சாப்பாட்டைத் தின்னும் வரல."

நான்தான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான்காவது அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். அதில் ஒரு வரி: "இப்பதிவுகளில் முந்நூற்றுப் பன்னிரண்டை எழுதியவர் இந்த ஆய்வாளரே."

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கச் சிறைத் துறையின் அனுமதிக் கடிதம் வேண்டும். அவருக்கான எட்டு வருடக் கெடு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிந்தது. நீட்டிப்புக்கு வழியில்லை. அந்த வாரப் புதன்கிழமை, கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய சிறை சூப்பரண்டு கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

"பழைய அத்தியாயம் இருக்கில்ல? காய்ச்சலைக் காய்ச்சலாவே விட்டுட்டு வாய்யா. இப்பவே கையெழுத்துப் போடறேன். இது இப்படியே போனா உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

பழைய அத்தியாயம் என் கணினியில் பத்திரமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் நெறியாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"பழசையே வச்சிருவோம்ணே. பட்டம் வாங்கிட்டு அப்புறம் கட்டுரையா எழுதுங்க. யாரு தடுக்கப் போறா?"

"அதுவும் சரிதான்" என்றார். பிரின்டருக்குத் தாள் வைத்தேன். சொன்னால் அழுத்திவிடலாம்; ஆட்டோவில் சிறைக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வர அரை மணி போதும். அவர் சொல்லவில்லை. நாலரைக்கு டீ வாங்கி வந்தேன், குடித்தார். ஐந்தே காலுக்கு அலுவலக உதவியாளர் வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டபோது, "அணைங்க" என்று எழுந்தார்.

"ஏண்ணே?"

"வைக்கலாம்னுதான் வந்தேன். வாயில வரல. அவ்வளவுதான்."

அவருக்கு வருத்தமா, நிம்மதியா, எனக்குத் தெரியவில்லை. எனக்கே என்ன தோன்றியது என்றும் சொல்லத் தெரியவில்லை. பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம். வீட்டில் விஷயத்தைச் சொன்னதற்கு அவர் மனைவி, "போகட்டும் விடுங்க. பக்கத்து வீட்டம்மா இப்பவே மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டுக்கிட்டு இருக்கா" என்றாராம். அன்றைக்கு அந்த அம்மா சாப்பிடவில்லை என்பதையும் மறுநாள் அண்ணன்தான் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, என் ஆய்வுக்காகக் கைதிகளைப் பேட்டி எடுக்க அதே சிறைக்குப் போனேன். கேட்டில் வார்டர் அண்ணன்தான் இருந்தார். சீருடையில் அவரைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. என் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். பெஞ்சில் வாய்தாவுக்குப் போக வேண்டிய ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மணி பன்னிரண்டு ஆகியும் வழிக்காவல் வரவில்லை.

அவர் பதிவேட்டை விரித்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராக, "வழிக்காவல் வரவில்லை" என்று முழுசாக எழுதினார். ஏழு தடவை.

உதவி ஜெயிலர் தோளுக்கு மேலிருந்து பார்த்தார். "ஏழாவது மெமோ வாங்கப் போறியாய்யா?"

"எட்டாவதுங்க சார்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பையைத் திறங்க தம்பி" என்றார்.